நானூறு புல் கெண்டை விட்டேன், பதினொன்றுதான் மிஞ்சியது: என்ன தப்பு செய்தேன்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன். வயது 38. கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். வீட்டில் மாமியாரும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், பக்கத்து வீட்டில் கொழுந்தன். கொல்லையை ஒட்டி 60 சென்ட்டில் ஒரு குளம். ஆற்றில் தண்ணீர் வந்தால் வாய்க்கால் வழியாக நிரம்பும், சித்திரை வைகாசியில் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். பாதிக் குளத்தை வெங்காயத் தாமரை மூடியிருக்கிறது. மீதிப் பாதியில், வலை இழுக்க முடியாதபடி தண்ணீருக்கு அடியில் வேலம்பாசி மண்டிக் கிடக்கிறது. வருடா வருடம் ஆள் விட்டு எடுக்கிறார், இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

போன ஆடி மாதம் வண்டியில் மீன் குஞ்சு கொண்டுவந்த ஒருவர், "புல் கெண்டை விடுங்க, எல்லாக் களையையும் அதுவே தின்னுடும், தீவனமே போட வேண்டாம், ஒரு தடவை விட்டா தானா பெருகிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். நம்பி, இரண்டு அங்குலக் குஞ்சாக 400 வாங்கி விட்டிருக்கிறார். தை மாதம் கொஞ்சம் பாசியை ஒதுக்கிவிட்டு வலை போட்டால் பதினொரு புல் கெண்டைதான் மாட்டியது, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. கூடவே முப்பதுக்கும் மேல் விரால். களை அப்படியே இருக்கிறது.

அவர் கேட்டிருப்பது ஐந்து விஷயம். அந்த ஆள் என்னை ஏமாற்றினாரா? இந்த வருடம் 1,000 குஞ்சாக விட்டால் களை போகுமா? கொழுந்தன் புண்ணியமாக இருக்கட்டும் என்று ஊர்க் கோயில் குளத்தில் 2,000 புல் கெண்டை விடப் போகிறேன் என்கிறார், அதில் தாமரை இருக்கிறதே, சரியா? மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, இந்த மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கொடுக்கலாமா? கடைசியாக மகளின் கேள்வி: "மாட்டுக்குப் பல்லு இருக்கு, இந்த மீனு வாயில பல்லே இல்லையே, எப்படிம்மா புல்லு தின்னுது?"

சகோதரி, நாலாவது கேள்விக்கு மட்டும் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. கொடுக்காதீர்கள். பச்சையாகவும் வேண்டாம், வேகவைத்தும் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

இனி குளத்துக்கு வருவோம். மீன் வளர்ப்போரோடு பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் இருக்கும் தவறு எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருகிறது. புல் கெண்டையை நீங்கள் ஒரு களைக்கொல்லி மருந்தைப் போல நினைத்துவிட்டீர்கள். வாங்கி ஊற்றினால் வேலை முடிந்தது என்று. அது தண்ணீருக்குள் இருக்கும் மாடு. மாட்டுக்கு எப்படி வயசு பார்ப்பீர்கள், எத்தனை மாட்டுக்கு எவ்வளவு புல் என்று கணக்குப் போடுவீர்கள், எதைத் தின்னும் எதை ஒதுக்கும் என்று தெரிந்து வைத்திருப்பீர்கள், அதேதான் இங்கேயும். மாடு வைத்திருந்த குடும்பம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் சொல்லப் போவது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

குஞ்சுகள் எங்கே போயின

முப்பது விரால் மாட்டியது என்று எழுதினீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. விரால் வேட்டை மீன், பாசிக்குள் அசையாமல் பதுங்கி நின்று பிடிக்கும். இரண்டு அங்குலக் குஞ்சு அதற்கு ஒரு வாய். வேலம்பாசி மண்டிய குளம் விராலுக்கு அரண்மனை மாதிரி. குறவையும் கெளுத்தியும் இருந்திருக்கும், அப்புறம் நீர்க்காகம். 400-ல் பதினொன்று தப்பியதே பெரிய விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. புல் கெண்டை பிறந்ததிலிருந்து புல் தின்பது இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத்தான் தின்னும். ஒன்றரை இரண்டு அங்குலம் ஆகும்போதுதான் மெல்ல செடிப் பக்கம் திரும்பும், அப்போதும் தண்ணீரில் மிதக்கும் அசோலா, சிறு பாசி மாதிரி மெத்தென்ற இலைகள்தான். கன்றுக்குட்டி முன்னால் சோளத்தட்டையைப் போட்ட மாதிரி, இரண்டு அங்குலக் குஞ்சை முற்றிய வேலம்பாசிக்குள் விட்டிருக்கிறீர்கள். தின்னவும் வழியில்லை, ஓடி ஒளியவும் பலமில்லை.

அதே சமயம் தப்பிப் பிழைத்த அந்தப் பதினொன்றைப் பாருங்கள். தீவனமே போடாமல் ஆறு மாதத்தில் இரண்டு அங்குலத்திலிருந்து முக்கால் கிலோ வந்திருக்கிறது. உங்கள் குளமும் தண்ணீரும் இந்த மீனுக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்று அர்த்தம். நல்ல உணவு இருந்தால் ஒரு வருடத்தில் ஒன்று, ஒன்றரை கிலோவைத் தாண்டும், விட்டுவைத்தால் பல வருடத்தில் 30 கிலோவுக்கு மேலும் போகக்கூடிய சாதி இது.

வியாபாரி ஏமாற்றினாரா என்று கேட்டீர்கள். குஞ்சு புல் கெண்டைதான், பதினொன்று வளர்ந்து வந்ததே அதற்குச் சாட்சி. அதனால் பொருளில் ஏமாற்று இல்லை. ஆனால் அவர் சொன்ன மூன்று வாக்கும் தப்பு. எல்லாக் களையையும் தின்னாது. தீவனம் வேண்டாம் என்பது களை இருக்கும்வரைதான் உண்மை. தானாகப் பெருகும் என்பதில் துளியும் உண்மை இல்லை.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பிக் காத்திருக்கிறார்கள். புல் கெண்டையின் தாய்வீடு ரஷ்ய எல்லையில் ஓடும் அமூர் ஆறு தொடங்கி சீனாவின் யாங்சி ஆற்றையும் தாண்டித் தெற்கு வரைக்கும் உள்ள பெரிய ஆறுகள். வெள்ளம் வரும் காலத்தில் ஓடும் தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் இடும். அந்த முட்டை மிதக்கவும் செய்யாது, முழுதாக மூழ்கவும் செய்யாது, ஓட்டத்தோடு உருண்டு உருண்டு போய்க்கொண்டே பொரிக்க வேண்டும். ஓட்டம் நின்றால் அடியில் போய்ப் படிந்து சேற்றில் மூச்சடைத்துச் செத்துப்போகும். உங்கள் குளத்தில் எங்கே ஓட்டம்? பத்து வருடம் வைத்திருந்தாலும் ஒரு குஞ்சு வராது.

நம் நாட்டுக்கு இது 1959-ல் ஹாங்காங்கிலிருந்து வந்தது, ஒடிசாவின் கட்டாக்கில் இருந்த மத்திய அரசின் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு. 1962-ல் அங்கேதான் ஊசி போட்டு முதன்முதலாக முட்டையிட வைத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1957 ஜூலை 10 அன்று, விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி நம்முடைய பெருங்கெண்டை மீன்களில் அந்த வித்தையைச் செய்து காட்டியிருந்தார். மற்ற மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, சாறாக்கி ஊசி போடுவது. ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். இன்று உங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு புல் கெண்டைக் குஞ்சும் ஏதோ ஒரு பொரிப்பகத்தில் ஊசி போட்டு எடுத்ததுதான். அதனால் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன தின்னும், என்ன தின்னாது

வேலம்பாசி என்றால் இதற்கு உயிர். அதோடு நீருக்கடியில் வளரும் மற்ற மெல்லிய பாசிகள், அசோலா, சின்னச் சின்னதாக மிதக்கும் பச்சைப் பாசி, கரையில் வெட்டிப் போட்டால் அருகம்புல், கோ-4 நேப்பியர் தீவனப் புல், குதிரை மசால், மக்காச்சோள இலை, வாழை இலை எல்லாம் தின்னும்.

வெங்காயத் தாமரையைத் தொடாது. பசி தாங்காத நிலையில் அதன் வேரைக் கொறிக்கும், அவ்வளவுதான், குளத்தை மூடியிருக்கும் அந்தப் பச்சை மெத்தை ஒரு அடி கூடக் குறையாது. ஆகாயத் தாமரை, அல்லி, கரையோரக் கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, இவையும் அப்படியே. ஆகவே உங்கள் குளத்தில் இரண்டு களைக்கும் இரண்டு வேறு வைத்தியம். மேலே இருக்கும் வெங்காயத் தாமரையை ஆள் விட்டு எடுப்பதைத் தவிர இப்போதைக்கு உங்களுக்கு வேறு வழி இல்லை. எடுத்ததைக் குளத்திலோ கரை ஓரத்திலோ அழுக விடாதீர்கள், தூரமாகக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டு எருவாக்குங்கள். களைக்கொல்லி தெளித்துக் கொன்றால் அவ்வளவும் தண்ணீரிலேயே அழுகி, இருக்கிற பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும், ஒரே விடியற்காலையில் மொத்த மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும். மாமியாரும் மகளும் அந்தத் தண்ணீரைப் புழங்குகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, தின்பதையாவது முழுசாகச் செரிக்குமா என்றால் அதுவும் இல்லை. மாட்டுக்கு நாலு அறை இரைப்பை இருக்கிறது, அசைபோடுகிறது, உள்ளே நுண்ணுயிர்கள் நாரைக் கரைத்துக் கொடுக்கின்றன. புல் கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. குடலும் உடம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம்தான், ரோகுவுக்கு இதைவிடப் பல மடங்கு நீளக் குடல். ஆகவே இது இலையை நறுக்கி அரைத்து, உள்ளே இருக்கும் சாற்றை எடுத்துக்கொண்டு, தின்றதில் பாதியை அப்படியே வெளியே தள்ளிவிடும். அதனால்தான் ஓயாமல் தின்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நம் ஊரில் ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி, சில சமயம் தன் எடை அளவுக்கே கூடத் தின்னும். மீனின் எடை ஒரு கிலோ ஏற வேண்டுமென்றால் நாற்பது ஐம்பது கிலோ பச்சைக் களை உள்ளே போக வேண்டியிருக்கும்.

கேட்கும்போது வீண் என்று தோன்றும். ஆனால் இந்த மீனின் உண்மையான பயனே அந்தப் பாதி சாணத்தில்தான் இருக்கிறது. அரைத்துத் தள்ளிய அந்தப் பச்சைக் கழிவு தண்ணீருக்கு உரம். அதில் நுண்பாசியும் நுண்ணுயிரும் பெருகும், அதைக் கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் தின்னும், கீழே படிந்ததை மிர்காலும் சாதா கெண்டையும் கிளறித் தின்னும். ஒரு புல் கெண்டை மூன்று வெள்ளிக் கெண்டையைக் காப்பாற்றும் என்று சீன மீன் விவசாயிகளிடம் ஒரு சொல் வழக்கே உண்டு. பல நூறு வருடமாக அங்கே புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை, கருங்கெண்டை நாலையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். உலகத்தில் வளர்ப்பு மீன்களிலேயே அதிக எடை உற்பத்தியாவது இதுதான், 2020-ல் சுமார் 58 லட்சம் டன், பெரும்பகுதி சீனாவில். கடல் மீன் தூளோ சோயாவோ அதிகம் இல்லாமல், வெறும் புல்லை இறைச்சியாக மாற்றித் தரும் மீன் என்பதால்தான் இந்த அளவுக்குப் பரவியது.

எத்தனை விடலாம்: மாட்டுக் கணக்கு

இப்போது 1,000 குஞ்சுக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, வேட்டை மீன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள், 1,000-மும் பிழைத்து முக்கால் கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 கிலோ மீன். எடையில் பாதி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 375 கிலோ பச்சை. ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்றால், பதினைந்து மாட்டை வாங்கிக் கொல்லையில் கட்டிய மாதிரி. உங்கள் வேலம்பாசி சில வாரத்தில் காணாமல் போகும், அதற்கப்புறம் யார் புல் வெட்டுவது? பசித்த புல் கெண்டை வளராமல் நின்றுவிடும், ரோகுவுக்குப் போட்ட தவிட்டையும் பிண்ணாக்கையும் முந்திக்கொண்டு தின்னும், கரைப் புல்லைக் கடித்து மண்ணைக் கலக்கும். செடி எதுவுமே இல்லாத குளத்தில் அந்த உரம் எல்லாம் நுண்பாசிக்குப் போய்த் தண்ணீர் கரும்பச்சையாகும், ஐப்பசி கார்த்திகை மேகமூட்டத்தில் நாலு நாள் வெயில் இல்லை என்றால் விடியற்காலை மீன் சாகும்.

60 சென்ட் குளத்துக்கு மொத்தம் 1,200 குஞ்சு போதும். நானாக இருந்தால் கட்லா 350, ரோகு 400, மிர்கால் 330, புல் கெண்டை 120 என்று விடுவேன். இந்த 120-ம் நன்றாக வந்தால் தை மாதம் நாளைக்கு 45 கிலோ பச்சை கேட்கும், கிட்டத்தட்ட இரண்டு மாடு. அது உங்களால் முடியும். புரட்டாசி, ஐப்பசி வரை வேலம்பாசியே சோறு போடும், அதற்கப்புறம் வெட்டிப் போட வேண்டும். கரையிலும் கொல்லையிலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு சென்ட்டில் கோ-4 கரணை நட்டுவிட்டால், அதுவும் குளத்துத் தண்ணீரையே பாய்ச்சினால், இந்த அளவுக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

அவசரமாகப் பாசியை மட்டும் ஒழிக்க வேண்டும் என்றால் வேறு கணக்கு. அரைக் கிலோ எடையுள்ள மீன் ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 375 விட்டால் ஒரு மாதத்தில் வேலம்பாசி அடங்கும் என்பது எங்கள் துறையில் சொல்லிவரும் கணக்கு. உங்கள் அளவுக்கு எண்பது மீன் வரும். ஆனால் அந்த எடையில் உயிர் மீன் கிடைப்பதும், அடிபடாமல் கொண்டுவருவதும் சிரமம், செலவும் அதிகம். உங்களுக்கு நான் சொல்வது முதல் வழிதான்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சித்திரையிலேயே தொடங்குங்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வரும்போது மிச்சத்தையும் இறைத்துவிட்டு, விரால் அத்தனையையும் பிடித்து விற்றுவிடுங்கள். நம் பக்கத்தில் உயிர் விராலுக்கு இருக்கும் விலை உங்களுக்குத் தெரியும், போன வருடம் போன 400 குஞ்சின் பணம் அதிலேயே திரும்பி வந்துவிடும். பிறகு குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிடுங்கள். அடி மண்ணில் இருக்கும் பாசிக் கிழங்கும் ஓரளவு சாகும். முழுதாக வற்றாமல் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் அங்கே இலுப்பைப் பிண்ணாக்கு போடுங்கள். கணக்கு என்னவென்றால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ, அதாவது 1,000 லிட்டருக்கு 250 கிராம். ஒளிந்திருக்கும் விரால், குறவை, ஜிலேபிக் கெண்டை எல்லாம் மேலே வந்துவிடும். அதன் விஷம் அடங்க மூன்று வாரம் விட வேண்டும், பிறகு அதுவே உரமாகிவிடும். வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரும் மடையில் நெருக்கமான நைலான் வலை கட்டாமல் ஒரு சொட்டு தண்ணீர் கூட விடாதீர்கள், இல்லாவிட்டால் அதன் வழியாகவே விரால் குஞ்சு திரும்ப வரும்.

குஞ்சு வாங்கும்போது புல் கெண்டை மட்டும் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் கேளுங்கள், ஆறு கிடைத்தால் இன்னும் நல்லது. விலை கூடுதலாகச் சொல்வார்கள், கொடுங்கள். அடையாளமும் தெரிந்துகொள்ளுங்கள்: உடம்பு உருளையாக நீண்டிருக்கும், வாய் ஓரத்தில் மீசை இருக்காது, செதில் பெரிசாக ஓரம் கறுத்து வலை பின்னிய மாதிரி தெரியும், முதுகுத் துடுப்பு குட்டை. மீசையும் நீளமான முதுகுத் துடுப்பும் இருந்தால் அது சாதா கெண்டை. பையைப் பிரிக்காமல் குளத்தில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, அப்புறம் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, தானாக நீந்தி வெளியே போகும்படி விடுங்கள்.

புல் போடும்போது குளம் முழுக்க வீசாதீர்கள். நாலு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையில் மிதக்கவிட்டு, அதற்குள் போடுங்கள். மறுநாள் காலை மிஞ்சிய தண்டை எடுத்துவிடலாம், தின்ற அளவும் கண்ணில் தெரியும், மாட்டுத் தொட்டியைப் பார்த்து மாட்டின் உடம்பைச் சொல்கிறோமே, அந்த மாதிரி. முதலில் புல், ஒரு மணி நேரம் கழித்துத்தான் தவிடு பிண்ணாக்கு. வயிறு நிறைந்த புல் கெண்டை ரோகுவின் சாப்பாட்டில் கை வைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். உங்கள் பக்கம் வயல் வரப்பில் புல் அறுத்து வந்து போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குறுவையிலும் சம்பாவிலும் யார் எந்த வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரியாமல் அந்தப் புல்லைக் குளத்தில் போடக் கூடாது. சந்தையில் கழித்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையும் அப்படித்தான். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு பூச்சிமருந்து கூட மீனைக் கொன்றுவிடும். சொந்தக் கரைப் புல், சொந்த நேப்பியர், சொந்த வாழை, இவை போதும். பக்கத்தில் சிறு தொட்டி கட்டி அசோலா வளர்த்தால் சின்னக் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மாதம் அது அருமையான தீனி.

பண உதவி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் குளம் அமைக்கவும் முதல் வருட இடுபொருளுக்கும் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் மானியம் என்று வைத்திருந்தார்கள், இப்போதும் அது நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். குளம் கணவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு முறையான குத்தகைப் பத்திரம் எழுதி, விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வருடத்துக்கான ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் செலவில் இறங்குங்கள். செலவு செய்துவிட்டுப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கோயில் குளத்தில் விடலாமா?

கொழுந்தனின் மனசு நல்ல மனசு, ஆனால் வேண்டாம் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் உரிமை. கோயில் குளம் கோயிலுடையது, அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரின் அனுமதி வேண்டும். ஊராட்சிக் குளமாக இருந்தால் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாருக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குத்தகைக்காரர் ஏலத்தில் எடுத்த தண்ணீரில் இன்னொருவர் மீன் விடுவதும் சரி, பிடிப்பதும் சரி, தகராறில்தான் முடியும். புண்ணியத்துக்குச் செய்தேன் என்பது பஞ்சாயத்தில் எடுபடாது.

இரண்டாவது, தாமரை. முற்றி விரிந்த தாமரை இலையை இது பெரும்பாலும் விட்டுவிடும், ஆனால் 2,000 மீன் சேர்ந்து அடியில் இருக்கும் பாசியை எல்லாம் காலி செய்த பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து சுருண்டு மேலே வரும் இளந்தளிர்தான் மிச்சம். தளிர் போனால் அடுத்த வருடம் பூ எங்கே? அந்தப் பாசிக்குள்தான் நம் ஊர்ச் சின்ன மீன்கள் முட்டை ஒட்டி வைக்கின்றன, தட்டான் புழுக்கள் இருக்கின்றன, நாமக்கோழியும் தாழைக்கோழியும் மேய்கின்றன. பாசியை ஒட்டுமொத்தமாக எடுப்பது அத்தனைக்கும் வீட்டை இடிப்பது.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் கான்ரோ ஏரியில் நம் ஊர் வேலம்பாசியே மண்டிக் கிடந்தது. 1981 முதல் 1983-க்குள் சுமார் 2,70,000 புல் கெண்டை விட்டார்கள். வேலம்பாசி மட்டுமில்லை, நீருக்கடியில் இருந்த எல்லாச் செடியும் போய்விட்டது, தெளிந்திருந்த தண்ணீர் நுண்பாசியால் கலங்கியது. அதே நாட்டுக்கு 1963-ல் களை ஒழிக்க என்றுதான் முதலில் கொண்டுவந்தார்கள், சில வருடத்திலேயே ஆறுகளுக்குத் தப்பிப்போய், மிசிசிப்பி ஆற்றில் ஓடும் வெள்ளம் கிடைத்ததும் தானாகவே முட்டையிட்டுப் பெருகிவிட்டது. இன்று அங்கே பல மாநிலங்களில், முட்டையிலேயே அழுத்தமோ வெப்பமோ கொடுத்து மலடாக்கிய மீனை மட்டும்தான் விட அனுமதிக்கிறார்கள். உங்கள் கோயில் குளத்தில் பெருகாது, அது நிஜம், ஆனால் மழைக்காலத்தில் வழிந்தால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு. மடை அடைத்த சொந்தக் குளம் வேறு, வழிந்தோடும் பொதுக்குளம் வேறு.

கொழுந்தனுக்கு அந்தக் குளத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், கோயிலில் கேட்டுவிட்டு ஆள் விட்டு வெங்காயத் தாமரையை எடுக்கச் சொல்லுங்கள். தாமரைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பித்தப்பை: இது விஷம்

சகோதரி, இதை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். கெண்டை இன மீன்களின் பித்தத்தில் சைப்ரினால் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் நேராகத் தாக்கும். கண்ணுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது என்று நம்பி விழுங்கியவர்கள் சீனாவிலும் வியட்நாமிலும் நம் நாட்டிலும் சிறுநீரகம் நின்றுபோய் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள், அதில் அதிகம் பேசப்பட்டதே இந்தப் புல் கெண்டைதான். ரோகு, கட்லா பித்தமும் விலக்கு இல்லை. வேகவைத்தாலும் சாராயத்தில் ஊற வைத்தாலும் அந்த விஷம் போகாது. பெரிய மீனின் ஒரே ஒரு பித்தப்பை போதும்.

விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். பிறகு சரியான மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோகும். சர்க்கரை வியாதியில் ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாகி இருக்கலாம், உங்கள் மாமியாருக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மீன் பித்தம் விழுங்கினார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் சிறுநீரகத்தைக் கண்காணித்து, தேவைப்பட்டால் உடனே டயாலிசிஸ் செய்வார்கள். நேரத்தோடு போனவர்கள் பெரும்பாலும் மீண்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்கு அவர் எடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். மீனின் சதை அவருக்கு நல்லதுதான், குழம்பாகவே வைத்துக் கொடுங்கள்.

சமைக்கும் மீனில் பித்தப்பை கிழியாமல் பார்த்து எடுத்துத் தூர வீசுங்கள், கல்லீரலோடு ஒட்டிய கரும்பச்சைப் பை அது. சதைக்குள் இரண்டாகக் கவைத்த மெல்லிய முள் நிறைய இருக்கும், ஒன்றரை கிலோவுக்கு மேல் வளர்ந்த மீனாக எடுத்தால் அந்த முள் பெரிசாகி எடுக்கச் சுலபமாகும், குழந்தைக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

மகளின் கேள்விக்குப் பதில் உங்கள் அரிவாள்மனையிலேயே இருக்கிறது. அடுத்த முறை புல் கெண்டை நறுக்கும்போது அவளைக் கூப்பிடுங்கள். தாடையில் பல் இல்லை, அவள் சொன்னது சரி. செவுளை எடுத்துவிட்டுத் தொண்டையின் உட்பக்கம் விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் வளைந்த எலும்பு தட்டுப்படும். அதைப் பிரித்தெடுத்து வெந்நீரில் போட்டுக் கழுவினால், கதிர் அரிவாளின் பல் மாதிரி ரம்பம் ரம்பமாகப் பற்கள் வரிசையாக இருக்கும். அதற்கு எதிரே மண்டையோட்டின் அடியில் கெட்டியான ஒரு தட்டு இருக்கும், அம்மிக்கல் மாதிரி. இலையை உதட்டால் பிடித்து இழுத்து, தொண்டையில் வைத்து அறுத்து, அந்தத் தட்டில் தேய்த்துத்தான் விழுங்குகிறது. அந்த எலும்பு இரண்டையும் காயவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அவள் அறிவியல் ஆசிரியர் சந்தோஷப்படுவார்.